பழைய ஹை-கெயின் ட்யூப் ஹெட்: நான்கில் எதை எடுப்பது?

மார்ஷல் 2203, மெஸா பூகி மார்க் 2சி ப்ளஸ், சோல்டானோ எஸ்எல்ஓ-100, பீவி 5150. பழைய ஹை-கெயின் ஆம்ப் ஹெட் (ஸ்பீக்கர் இல்லாமல் தனியாக வரும் கிட்டார் ஆம்ப்ளிஃபையர்) ஒன்று வாங்கலாமா என்று யார் பேச்செடுத்தாலும் கடைசியில் இந்த நான்கில்தான் வந்து நிற்கும். நான்கும் 1975க்கும் 1992க்கும் நடுவில் வந்தவை. பெரும்பாலும் 100 வாட்டை ஒட்டிய பவர். ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்தர் கூட்டம் இருக்கிறது. எதன் டோன் உசத்தி என்று விடிய விடியச் சண்டை நடக்கும்.

அந்தச் சண்டை சுவாரஸ்யமானதுதான். ஆனால் காசு கொடுத்து வாங்கப் போகிறவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அது இல்லை. இதை எங்கே, எவ்வளவு சத்தத்தில் வாசிக்கப் போகிறீர்கள்? இந்த நான்கும் டிஸ்டார்ஷனை ஒரே இடத்தில் உண்டாக்குவதில்லை. சத்தத்தைக் குறைத்தால் ஒன்றுக்குப் பாதி உயிர் போய்விடும், இன்னொன்று கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது. இதைச் சரியாகப் புரிந்துகொண்டால் நான்கில் இரண்டு தாமாகவே கழன்றுவிடும்.

கிட்டாரிலிருந்து வரும் சிக்னல் ரொம்பச் சின்னது. ஆம்பின் முன்பகுதியான ப்ரீஆம்பில் இருக்கும் இசிசி83 ட்யூப், அமெரிக்கப் பெயரில் 12ஏஎக்ஸ்7, அதைப் பெருக்குகிறது. அந்தக் குட்டி ட்யூபுக்குள் இரண்டு ட்ரயோடுகள், அதாவது இரண்டு தனித்தனிப் பெருக்கிகள். ஒவ்வொன்றின் பெருக்கக் காரணி 100. சர்க்யூட்டில் அவ்வளவும் கைக்கு வராது என்றாலும், ஒன்றிலிருந்து வருவதை அடுத்ததற்குள் கொடுத்து அடுக்கிக்கொண்டே போனால் ஏதோ ஒரு ஸ்டேஜில் ட்யூப் தாங்காமல் அலையின் தலையை வெட்டும். காதுக்கு அதுதான் டிஸ்டார்ஷன். ஹை-கெயின் என்றால் இந்த அடுக்கு கொஞ்சம் நீளம், அவ்வளவுதான். எந்த ஸ்டேஜில் வெட்டு விழுகிறது, வெட்டுக்கு முன்னால் பாஸ் எவ்வளவு கழிக்கப்படுகிறது, ஸ்பீக்கரை ஓட்டும் பவர் ட்யூப்களுக்கும் அதில் பங்கு உண்டா என்பதில்தான் ஒவ்வொரு ஆம்பின் குணமும் இருக்கிறது.

மார்ஷல் 2203

மார்ஷல் 1975இல் 2203ஐக் கொண்டுவந்தபோது அதன் மீது ஜேசிஎம்800 என்ற பெயர் இல்லை. ஜேஎம்பி வரிசையில் மாஸ்டர் வால்யூம் (கடைசிச் சத்தத்தைத் தனியாகக் கட்டுப்படுத்தும் குமிழ்) வைத்த ஹெட்டாக வந்தது. 1981இல் ரோஸ்-மாரிஸ் நிறுவனத்தோடு இருந்த 15 வருட விநியோக ஒப்பந்தம் முடிந்ததும், மார்ஷல் தன் ஆம்ப்களுக்குப் புது முகம் கொடுத்து ஜேசிஎம்800 என்று விற்றது. ஜேம்ஸ் சார்ல்ஸ் மார்ஷல் என்ற ஜிம் மார்ஷலின் இனிஷியலும், அவருடைய கார் நம்பர் பிளேட்டில் இருந்த எண்ணும் சேர்ந்து வந்த பெயர் அது. உள்ளே இருந்த சர்க்யூட் பெரிதாக மாறவில்லை. ஆகவே 70களின் கடைசியில் செய்த ஜேஎம்பி 2203 ஒன்று நல்ல விலைக்குக் கிடைத்தால், 800 என்ற பெயர் இல்லையே என்று தயங்க வேண்டாம்.

உள்ளே மூன்று இசிசி83, பவர் ட்யூப்களாக நான்கு இஎல்34. ஒரே சேனல். எஃபெக்ட்ஸ் லூப் (ப்ரீஆம்புக்கும் பவர் பகுதிக்கும் நடுவில் பெடல் இணைக்கும் வழி) கிடையாது. ஹை இன்புட்டில் கிட்டாரைச் செருகினால் எல்லா ஸ்டேஜும் வேலை செய்யும். லோ இன்புட்டில் முதல் ஸ்டேஜ் விலகிக்கொள்ளும். இரண்டாவது ஸ்டேஜில் ஒரு தந்திரம் உண்டு. கேத்தோடில் ஒன்று, இரண்டு கிலோ ஓம் இருக்கும் என்று எதிர்பார்க்கிற இடத்தில் 10 கிலோ ஓம் ரெசிஸ்டரை வைத்திருக்கிறார்கள். அதனால் அந்த ட்ரயோடு எப்போதும் அணைந்துவிடும் நிலைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அலையின் ஒரு பக்கத்தை மற்றதைவிட முன்பாகவே வெட்டுகிறது. 80களின் ராக் ரெக்கார்டுகளில் கேட்கும் அந்தக் கரகரத்த கடி அங்கேதான் பிறக்கிறது.

ஆனால் அது பாதிக் கதை. மீதிப் பாதி மாஸ்டர் வால்யூமைத் தாண்டி இருக்கிறது. குமிழை ஏற்ற ஏற்ற, பவர் ட்யூப்களுக்குச் சிக்னலைப் பிரித்துக் கொடுக்கும் ஃபேஸ் இன்வெர்ட்டரும் இஎல்34களும் சேர்ந்து நசுங்கத் தொடங்கும். நோட்டு தடிக்கும், கோர்டின் அடிப்பகுதி நெஞ்சில் வந்து முட்டும். மாஸ்டரை 1இல் வைத்துவிட்டு 2203ஐக் கேட்டவர்கள் "இதுக்கா இவ்வளவு பேச்சு" என்று ஏமாந்து போவது இதனால்தான். அந்த அளவில் அது மெலிந்து, மேல்ஸ்தாயியில் கொசு மாதிரி ரீங்காரமிடும்.

எவ்வளவு சத்தம் என்பதையும் சொல்லிவிடலாம். அந்தக் காலத்து மார்ஷல் கேபினெட்களில் பரவலாக இருந்த செலஸ்டியன் ஜி12டி-75 ஸ்பீக்கர் ஒரு வாட்டுக்கே ஒரு மீட்டர் தூரத்தில் 97 டெசிபெல் தரும். நூறு வாட் என்றால் கணக்குப்படி அதற்கு மேல் இன்னும் 20 டெசிபெல். 50 வாட் மாடலான 2204ஐ எடுத்தால் சத்தம் பாதியாகிவிடும் என்று நம்பி வாங்குகிறவர்கள் உண்டு. குறைவது 3 டெசிபெல் மட்டுமே. பக்கத்து வீட்டுக்காரருக்கு அந்த வித்தியாசம் தெரியாது. 2204 கொஞ்சம் முன்னதாகவே நசுங்கும், விரலுக்கு இதமாக இருக்கும் என்பதெல்லாம் உண்மை. அதற்காக வாங்கலாம், அமைதிக்காக அல்ல.

இன்றைய காதுக்கு 2203இன் கெயின் நடுத்தரம்தான். மெட்டல் வாசிக்கிறவர்கள் முன்னால் ஒரு ட்யூப் ஸ்க்ரீமர் வகைப் பெடலை வைத்து, அதன் டிரைவைக் குறைத்து லெவலை ஏற்றி, ஆம்பை முட்டித் தள்ளுவார்கள். பெடல் பாஸை முன்கூட்டியே கழித்துவிடுவதால் ரிஃப் இறுகிவரும். ஸ்லேயரின் கெர்ரி கிங், ஸாக் வைல்ட் இருவரும் 2203 ஆட்கள்; ஸாக் வைல்டின் ஹெட்டில் இஎல்34க்குப் பதில் 6550. அந்தக் காலத்தில் அமெரிக்காவுக்குப் போன மார்ஷல்கள் பலவற்றில் 6550தான் போட்டு அனுப்பினார்கள். அது கல் மாதிரி கெட்டி, சீக்கிரம் நசுங்காது. அமெரிக்காவிலிருந்து வாங்கும்போது எது இருக்கிறது என்று கேட்டுவிடுங்கள். ஒன்றை எடுத்துவிட்டு மற்றதைச் செருக முடியாது. பவர் ட்யூபுக்குள் ஓடும் மின்னோட்டத்தை நிர்ணயிக்கும் பயாஸ் பகுதியிலும் மாற்றம் செய்ய வேண்டும்.

ஒரு பொறி. ஜேசிஎம்800 என்று மேலே எழுதியிருப்பதெல்லாம் 2203 ஆகிவிடாது. 2205, 2210 இரண்டும் அதே உடுப்பில் வந்த இரட்டைச் சேனல் ஹெட்கள். லூப், ரிவெர்ப் எல்லாம் உண்டு, ஆனால் டிஸ்டார்ஷனுக்கு டயோடையும் பயன்படுத்துகின்றன. மட்டமான ஆம்ப்கள் என்று நான் சொல்ல மாட்டேன், டாம் மொரெல்லோவின் முழு ஓசையும் ஒரு 50 வாட் 2205இலிருந்து வருவது. ஆனால் 2203ஐ நினைத்துக்கொண்டு 2210ஐ வாங்கினால் கேட்கிற ஓசை வேறு. பின்பக்கத் தகட்டில் உள்ள மாடல் எண்ணின் படம் வராமல் பேரம் பேசாதீர்கள்.

இன்னொன்று, இந்த ஆம்பை யாரும் சும்மா விட்டுவைத்ததில்லை. 80களில் லாஸ் ஏஞ்சலஸில் மார்ஷலைத் திறந்து கூடுதல் ஸ்டேஜ் சேர்ப்பது ஒரு தனித் தொழிலாகவே நடந்தது. சேஸிஸில் காரணமில்லாத ஓட்டை, பின்னால் பொருத்திய லூப் ஜாக், போர்டில் புதுச் சால்டர் எல்லாம் அந்த வரலாற்றின் மிச்சங்கள். நல்ல மாட் (இப்படிச் செய்த மாற்றம்) என்றால் கேட்க அருமையாக இருக்கும், மறு விற்பனையில் மட்டும் அடி வாங்கும். வாசிக்கத்தான் வாங்குகிறேன் என்றால் மாட் செய்த ஹெட்டே லாபம்.

2203இன் பெரிய பலம் அதன் எளிமை. உள்ளே அதிகம் ஒன்றும் இல்லை. ட்யூப் ஆம்ப் தெரிந்த எந்த டெக்னீஷியனும் சர்க்யூட் படத்தை விரித்துவைத்து ஒரு நாளில் பழுதைக் கண்டுபிடித்துவிடலாம். டிரான்ஸ்ஃபார்மர் உட்பட எல்லா உதிரிபாகமும் இன்றும் புதிதாகக் கிடைக்கிறது. நாற்பது வயது சாமானை வாங்குகிறவருக்கு இதைவிட என்ன வேண்டும்?

மெஸா பூகி மார்க் 2சி ப்ளஸ்

கலிஃபோர்னியாவில் ராண்டல் ஸ்மித் ஒரு குட்டி ஃபெண்டர் பிரின்ஸ்டனுக்குள் பெரிய டிரான்ஸ்ஃபார்மரையும் ஸ்பீக்கரையும் திணித்ததில் தொடங்கிய குடும்பம் இது. கார்லோஸ் சந்தானா அதை வாசித்துப் பார்த்துச் சொன்ன சொல்லிலிருந்துதான் பூகி என்ற பெயரே வந்தது. வேர் ஃபெண்டர் என்பதால் சர்க்யூட்டின் போக்கே மார்ஷலுக்கு நேர் எதிர். மார்ஷலில் டோன் குமிழ்கள் கெயினுக்குப் பின்னால். மார்க்கில் முன்னால். அதாவது நீங்கள் பாஸைத் திருகும்போது ஓசையில் பாஸ் கூடுவதைவிட, டிஸ்டார்ஷனுக்குள் போகிற பாஸ்தான் கூடுகிறது. 5இல் வைத்தால் குழம்பிப்போகும். 1 அல்லது 2இல் வைக்க வேண்டும். கழிந்துபோன அடிச்சத்தத்தை, எல்லா ஸ்டேஜையும் தாண்டி வந்தபிறகு, 80, 240, 750, 2200, 6600 ஹெர்ட்ஸ் என்று ஐந்து ஸ்லைடர் உள்ள கிராஃபிக் ஈக்வலைசரால் திரும்ப ஏற்ற வேண்டும். 750ஐ இறக்கி இரண்டு ஓரங்களையும் ஏற்றிய அந்த 'வி' வடிவம்தான் 80களின் த்ராஷ் மெட்டலின் ரிதம். மெட்டாலிகாவின் 1986 ஆல்பத்தில் நீங்கள் கேட்பது இந்த ஆம்ப்.

அதன் ஓசையில் ஒரு திரவத்தன்மை உண்டு. லீட் நோட்டு உருண்டு வரும், ரிதம் கத்தி வைத்து நறுக்கியது போல நிற்கும். டிஸ்டார்ஷனில் பெரும்பகுதி ப்ரீஆம்பிலேயே முடிந்துவிடுவதால் குறைந்த சத்தத்திலும் குணம் பெரிதாக மாறாது. நான்கில் எனக்குப் பிடித்த லீட் ஓசை இதுதான். பழைய பிரதியை வாங்க வேண்டாம் என்று சொல்லப் போவதும் இதைத்தான்.

காரணம் ஒன்று, அடையாளம். மார்க் 3 வந்தது 1985இல். அதற்கு முந்தைய சொற்ப காலம்தான் 2சி ப்ளஸ் தயாரிப்பில் இருந்தது. முன்பக்கத்தில் எங்கும் ப்ளஸ் என்று அச்சிட்டிருக்காது. பின்பக்கம், பவர் கார்டு நுழையும் இடத்துக்கு மேலே மார்க்கர் பேனாவால் கையால் போட்ட ஒரு ப்ளஸ் குறிதான் அடையாளம். பேனா யாரிடம் இல்லை? இதோடு, சாதாரண 2சி ஹெட்களைத் தொழிற்சாலையே பின்னால் ப்ளஸாக மாற்றிக் கொடுத்ததும் உண்டு. உள்ளே போர்டைப் பார்த்துச் சொல்லத் தெரிந்தவர் உடன் இல்லாமல் வாங்குவது சூதாட்டம்.

காரணம் இரண்டு, ஒரே பெயரில் பல ஆம்ப்கள். ஈக்வலைசர் உள்ளது, இல்லாதது. ரிவெர்ப் உள்ளது, இல்லாதது. 60 வாட், 100 வாட், ஒரு ஜோடி ட்யூப் கிளாஸ் ஏ-யிலும் இன்னொரு ஜோடி கிளாஸ் ஏபி-யிலும் ஓடுகிற சைமல்-கிளாஸ். ஈக்வலைசர் இல்லாத ஹெட்டை வாங்கிவிட்டு ஆல்பத்தில் கேட்ட ஓசை வரவில்லையே என்று தேடக் கூடாது. காரணம் மூன்று, உள்ளே நெருக்கமோ நெருக்கம். இழுத்தால் ஒரு வேலை, தள்ளினால் ஒரு வேலை என்று குமிழ்கள், ரிலேக்கள், சிறிய போர்டில் அடைத்துவைத்த பாகங்கள். இதைப் பழுது பார்க்க எல்லோராலும் ஆகாது. விலையோ நான்கில் மிக அதிகம். யானையைக் கட்டித் தீனி போடும் கதைதான்.

2024இல் மெஸா நிறுவனமே 2சி ப்ளஸைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டது. பழையதில் உள்ள பூச்சும் தூசியும் வேண்டும் என்கிற சேகரிப்பாளரை விட்டுவிடுவோம். வாசிக்கிறவருக்குப் புதியது போதும்.

சோல்டானோ எஸ்எல்ஓ-100

மைக் சோல்டானோ 1987இல் கொண்டுவந்த சூப்பர் லீட் ஓவர்டிரைவ், சுருக்கமாக எஸ்எல்ஓ. பிறகு வந்த ஹை-கெயின் ஆம்ப்களில் பாதிக்கு இதுதான் தாய். மார்ஷலின் 10 கிலோ ஓம் தந்திரத்தை அவர் இன்னும் ஒரு படி பின்னுக்குத் தள்ளி, அடுக்கின் நடுவில் 39 கிலோ ஓமாக வைத்தார். ட்யூப் இன்னும் குளிர்ந்து ஓடும், வெட்டு இன்னும் கூர்மை. மேலே ஒரு ஸ்டேஜ் கூடுதல். பவர் பகுதியில் இஎல்34க்குப் பதிலாக 6எல்6 குடும்பத்தைச் சேர்ந்த 5881. அதனால் அடிச்சத்தம் அகலம், மேல்ஸ்தாயி மார்ஷல் அளவுக்குக் கத்தாது.

இரண்டு சேனல். ஒவ்வொன்றுக்கும் தனி கெயின், தனி மாஸ்டர். டோன் குமிழ்கள் மட்டும் பொது. சாதாரணச் சேனலை க்ளீனாகவும் க்ரஞ்சாகவும் மாற்ற ஒரு சுவிட்ச். க்ளீன் ஃபெண்டர் அளவுக்கு இல்லை, ஆனால் க்ரஞ்ச் அருமை. ஓவர்டிரைவ் சேனலில் கெயினை எவ்வளவு ஏற்றினாலும் ஒவ்வொரு கம்பியும் தனியாகக் கேட்கும். கிட்டாரில் வால்யூமைக் குறைத்தால் ஓசை சுத்தமாகிவிடும். எரிக் கிளாப்டனும் மார்க் நாஃப்ளரும் இதை வைத்து வாசித்தார்கள் என்பதே இது வெறும் மெட்டல் ஆம்ப் இல்லை என்பதற்குச் சாட்சி.

கட்டுமானத்திலும் குறை சொல்ல முடியாது. டியங் நிறுவனம் செய்த கனமான டிரான்ஸ்ஃபார்மர்கள், தாராளமான இடைவெளி, சுத்தமான வயரிங். திறந்து பார்த்தால் இதைச் செய்தவர் பழுது பார்க்கப் போகிறவரையும் நினைத்திருக்கிறார் என்று தெரியும். நான்கில் தொழில்நுட்ப ரீதியாக நான் முதலிடம் தருவது இதற்குத்தான். சத்தம் குறைந்தாலும் குணம் போகாது. பிரச்சினை விலை, அப்புறம் கிடைப்பது. சிறிய பட்டறையிலிருந்து வந்தவை; வைத்திருப்பவர்கள் விற்பதில்லை. நிறுவனம் கை மாறிய பிறகு எஸ்எல்ஓ-100 மறுபடி தயாராகிறது, எஸ்எல்ஓ-30 என்று 30 வாட்டிலும் வருகிறது.

பீவி 5150

கிட்டார் கலைஞர் எடி வான் ஹேலன் 1991 ஆல்பத்தில் எஸ்எல்ஓ வாசித்தார். அடுத்த வருடம் பீவி அவர் பெயரில் 5150ஐ வெளியிட்டது. மிசிசிப்பி மாநிலத்தின் மெரிடியனில் ஜேம்ஸ் ப்ரௌன் என்ற பொறியாளர் எடியோடு உட்கார்ந்து உருவாக்கியது. மனநிலை பாதித்தவரைக் கட்டாயமாகக் காவலில் வைக்க இடம் தரும் கலிஃபோர்னியாச் சட்டப் பிரிவின் எண் 5150. எடியின் வீட்டு ஸ்டூடியோவுக்கும் அதே பெயர். இரண்டு சர்க்யூட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் லீட் சேனலில் சோல்டானோ ரத்தம் ஓடுவது தெரியும். அதே 39 கிலோ ஓம் இங்கேயும் இருக்கிறது.

ஆனால் குணம் வேறு. ஐந்து 12ஏஎக்ஸ்7, நான்கு 6எல்6, 120 வாட். கெயின் அநியாயத்துக்கு இருக்கிறது. ப்ரீ குமிழை 4, 5க்கு மேல் ஏற்ற யாருக்கும் தேவை வராது. ரெசனன்ஸ் குமிழ் கேபினெட்டின் அடி உறுமலை ஏற்றி இறக்கும். எடிக்காகச் செய்தது, கடைசியில் மெட்டல்காரர்களின் சொத்தானது. மெஷின் ஹெட் 1994இல் போட்ட முதல் ஆல்பத்திலிருந்து, தயாரிப்பாளர் ஆண்டி ஸ்னீப் பதிவு செய்தவை வரை அந்த ஓசையைக் கேட்கலாம். முன்னால் ஒரு ஸ்க்ரீமர், பின்னால் வாசிக்காதபோது இரைச்சலை அடைக்கும் ஒரு நாய்ஸ் கேட், அவ்வளவுதான் ரெசிப்பி. கேட் இல்லாமல் முடியாது, லீட் சேனல் சும்மா இருக்கும்போதும் சீறிக்கொண்டிருக்கும்.

குறைகள்? க்ளீன் என்று அதில் இருப்பதை க்ளீன் என்று சொல்லக் கூசும். இரண்டு சேனலுக்கும் ஒரே ஈக்வலைசர். பயாஸ் குமிழ் இல்லை. தொழிற்சாலையில் மிகக் குளிராக வைத்து அனுப்பிவிட்டார்கள். ட்யூப் நீண்ட நாள் உழைக்கும், ஓசை கொஞ்சம் வறண்டிருக்கும். ஒரு சிறிய பொட்டென்ஷியோமீட்டர் பொருத்திச் சரிசெய்வது மிகச் சாதாரணமான மாட், செய்திருந்தால் நல்லதே. ட்யூப் சாக்கெட்டுகள் நேரடியாகப் போர்டில் உட்கார்ந்திருப்பதால் வருடக்கணக்கில் சூடேறிச் சால்டர் விரிசல் விடும். மறுபடி சால்டர் வைத்தால் போதும், பெரிய வேலை இல்லை.

நான்கில் மிக மலிவு இது. 2004இல் எடி பீவியைவிட்டுப் போனதும் அதே ஹெட் 6505 என்று பெயர் மாறி வந்தது. பெயர்ப்பலகைக்குக் கூடுதல் காசு கொடுக்க மனமில்லாதவர்கள் பழைய 6505ஐ எடுக்கலாம், நான் அதைத்தான் எடுப்பேன். 1999இல் வந்த 5150 இரண்டாம் மாடலில் சேனலுக்குத் தனித்தனி ஈக்வலைசர் உண்டு. அது பின்னால் 6505 ப்ளஸ் ஆனது. க்ளீன் கொஞ்சமாவது வேண்டும் என்றால் அதைப் பாருங்கள்.

மெஸாவின் டூயல் ரெக்டிஃபையரை ஏன் சேர்க்கவில்லை என்று கேட்பீர்கள். 90களின் தொடக்கத்தில் வந்த இரண்டு சேனல் ஹெட்கள், குறிப்பாகப் போர்டில் ரிவிஷன் எழுத்து சி, டி என்றிருப்பவை, இப்போது சேகரிப்பாளர் விலைக்குப் போய்விட்டன. எஃப், ஜி ரிவிஷன்கள் இன்னும் நியாயம். ஆனால் அந்த ஓசை ஒன்றுக்குத்தான் அது சரி: தாழ்த்திச் சுருதி சேர்த்த கிட்டாரில் அகலமான, சற்றுத் தளர்ந்த சுவர். அது வேண்டும் என்று உங்களுக்கே தெரிந்திருந்தால் இந்தக் கட்டுரை உங்களுக்குத் தேவையில்லை.

இங்கே ஓட வேண்டுமென்றால்

நான்கில் மூன்று அமெரிக்க ஆம்ப்கள். அமெரிக்காவில் விற்றவை 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸுக்குச் செய்தவை. நம் பிளக்கில் வருவது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். நேராகச் செருகினால் ஃப்யூஸ் போனதோடு தப்பித்தால் அதிர்ஷ்டம். ஏற்றுமதிக்கென்று 230 வோல்ட்டில் செய்தவையும் உண்டு. பின்பக்கத் தகட்டைப் படித்துவிடுங்கள். பழைய மார்ஷல்கள் பலவற்றில் வோல்டேஜை மாற்றிக்கொள்ளும் செலக்டரே இருக்கும். 2203க்கு இது இன்னொரு மதிப்பெண்.

ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வைத்தும் ஓட்டலாம். 500 விஏ-க்குக் குறைந்து வாங்க வேண்டாம். ஸ்டெப்-டவுன் வோல்டேஜைத்தான் குறைக்கும், ஹெர்ட்ஸை மாற்றாது. 60 ஹெர்ட்ஸுக்கு மட்டும் செய்த டிரான்ஸ்ஃபார்மர் 50இல் கூடுதலாகச் சூடாகும். அதனால் 120 தருவதைவிட 110 தருகிற யூனிட் ஒருவிதத்தில் நல்லது; கோரின் மீது சுமை குறையும், ட்யூபின் 6.3 வோல்ட் ஹீட்டரும் 5.8ஐ ஒட்டி வந்து தாங்கக்கூடிய எல்லைக்குள்ளேயே நிற்கும். எர்த் கட்டாயம் இருக்க வேண்டும். ஹம் சத்தம் போகட்டும் என்று எர்த் பின்னை எடுத்துவிடச் சொல்கிறவர் பேச்சைக் கேட்காதீர்கள். உள்ளே 450, 500 வோல்ட் ஓடுகிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் அதைப் பிடித்து வைத்திருக்கும். அனுபவமில்லாத கை சேஸிஸுக்குள் போகக் கூடாது.

அந்தக் கெப்பாசிட்டர்கள்தான் வயதான ஆம்பின் முதல் செலவு. முப்பது வருடமாக மாற்றவில்லை என்று விற்பவர் பெருமையாகச் சொன்னால் அந்தச் செலவை விலையில் கழித்துக்கொள்ளுங்கள். ஒரு செட் பவர் ட்யூபையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இன்று புது ட்யூப் பெரும்பாலும் ஸ்லோவாக்கியா, ரஷ்யா, சீனா மூன்று இடங்களிலிருந்துதான் வருகிறது, 2022இல் ரஷ்யச் சரக்கு தடைபட்டபோது விலை எகிறியது நினைவிருக்கும். டிரான்ஸ்ஃபார்மர்கள் அசலா என்பதை மட்டும் விடாமல் கேளுங்கள், மற்ற எதையும் மாற்றலாம். ஸ்பீக்கரோ, அதன் இடத்தில் ஆம்பின் பவரை வாங்கிக்கொள்ளும் லோட் பாக்ஸோ இணைக்காமல் ட்யூப் ஹெட்டை வாசித்துக் காட்டச் சொல்லாதீர்கள், அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் கண் முன்னால் போகும்.

சரி, எதை எடுப்பது? தனி ஒத்திகை அறையும் டிரம்மரும் இருந்து, மாஸ்டரை 4 வரை ஏற்ற முடியும் என்றால் 2203. பெடல் சகவாசம் பிடித்தவராக இருந்தால் வேறு எதையும் யோசிக்க வேண்டாம். மெட்டல் மட்டும்தான், பட்ஜெட் கெட்டியாக இல்லை என்றால் 5150 அல்லது 6505. மிச்சக் காசில் வின்டேஜ் 30 ஸ்பீக்கர் போட்ட நல்ல கேபினெட் வாங்கலாம், அது கேட்கிற ஓசையை ஹெட்டைவிட அதிகமாகவே மாற்றும். ஒரே ஹெட்டில் ப்ளூஸிலிருந்து மெட்டல் வரை எல்லாம் வேண்டும், விலை பொருட்டில்லை, காத்திருக்கப் பொறுமையும் உண்டு என்றால் எஸ்எல்ஓ. மார்க்கின் லீட் ஓசைக்கு மயங்கியவர்கள் புது 2சி ப்ளஸுக்குப் போகட்டும்.

அபார்ட்மென்டில் ஹெட்ஃபோனோடு வாசிக்கிறவருக்கு இந்த நான்கின் பழைய பிரதி எதுவும் அவசியமில்லை. ஆசை விடவில்லை என்றால் எஸ்எல்ஓ-30ஐ ஸ்பீக்கர் போலவே நடந்துகொள்ளும் ஒரு ரியாக்டிவ் லோட் பாக்ஸில் செருகி ஓட்டலாம். 2203தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தாலும் அதே வழிதான்: பவர் ட்யூப்கள் முழுவதும் நசுங்கும், சுவருக்கு அந்தப் பக்கம் எதுவும் கேட்காது. நூறு வாட்டையும் தாங்கும் என்று தெளிவாக எழுதியிருக்கிற பாக்ஸாகப் பார்த்து வாங்குங்கள், ஓம் கணக்கும் ஹெட்டின் செலக்டரும் ஒன்றாக இருக்கட்டும்.